எதிர்வீட்டில் இறங்கிய மெட்ரிகுலேஷன்

ஆம்பூரில் 1893ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த குர்ஷித்துக்கு இங்கிலாந்து ராஜாக்களின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்துவிட்டன. அன்று தோல் பதனிடும் ஆவாரம்பட்டை வண்டிக்கு ஓரணா ஏறியிருந்தது. பாலாற்றில் தண்ணீர் இல்லை. குர்ஷித்துக்கு வயது பதினெட்டு. குர்ஆன் ஓதுவாள், உருதுவில் எழுத்துக்கூட்டிப் படிப்பாள், இங்கிலாந்து என்றால் அப்பா பதனிட்ட தோல் கப்பலேறிப் போகும் தேசம் என்று தெரியும். அதற்கு மேல் அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் முறத்தைக் கீழே வைப்பதற்குள் எந்த ராஜா எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தான், யாரை யார் சிறையில் போட்டான், யாருடைய தலை போயிற்று என்பதெல்லாம் அவளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அம்மா முனவ்வர் பேகத்திடம் போய்ச் சொன்னாள். அம்மா உலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வெளிய சொல்லித் தொலைக்காதே. ஏற்கெனவே உன் விஷயம் ஊர் வாயில இருக்குது" என்றாள்.

ஊர் வாயில் இருந்த விஷயம் அவளுடைய கல்யாணம். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் எதிர்வீட்டு நயீம் அகமதுவுக்கும் அவளுக்கும் நிக்காஹ் ஆகியிருந்தது. ஆனால் ருக்ஸத் ஆகவில்லை. அதாவது பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிவைக்கவில்லை. காரணம் அவளுடைய அப்பா வாஹித் பாஷா. அவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பு இருந்தது. ஒரு தோலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவினாரென்றால், அந்த மாடு எந்த முள்வேலியில் உரசியது என்றுகூடச் சொல்லிவிடுவார். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் முழுத்தோலும் கழிசலில் போய் விழும். நல்ல தோலில் மட்டும் தன் முத்திரையைக் குத்துவார். இப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் ஏதோ ஒரு சர்க்கார் கச்சேரிக்குப் போனபோது அவரை நிற்கவைத்துப் பேசிய அதிகாரி, பின்னால் வந்த மீசை முளைக்காத ஒரு பையனுக்கு நாற்காலி போடச் சொன்னார். பையன் மெட்ரிகுலேஷன் பாஸாம். சீமைக்குத் தோல் அனுப்பியவர் வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஒரு தோலையும் கையில் எடுக்கவில்லை. நான்காம் நாள், தன் மருமகன் நாற்காலியில் உட்காருகிறவனாக இருக்க வேண்டும் என்று முடிவுகட்டிவிட்டார்.

அந்தக் காலத்தில் சர்வகலாசாலைக்குள் காலெடுத்து வைக்க வேண்டுமானால் மெட்ரிகுலேஷன் பரீட்சையைத் தாண்டியாக வேண்டும். இங்கிலீஷ், இன்னொரு பாஷை, கணக்கு, சரித்திரத்தோடு பூகோளம், அப்புறம் சயன்ஸ் என்று ஐந்து பாடம். ஒன்றில் தவறினாலும் ஐந்திலும் தவறியதாகத்தான் கணக்கு. மறுபடியும் அடுத்த டிசம்பரில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். ஊரில் எல்லாரும் இதை அநியாயம் என்றார்கள். வாஹித் பாஷாவுக்கு மட்டும் ரொம்பப் பிடித்திருந்தது. தோல் பொறுக்குகிறவன் யாரோ வகுத்த முறை இது என்றே அவர் நம்பினார். நிக்காஹ் எழுதும்போது, மெட்ரிகுலேஷன் பாஸான பிறகே ருக்ஸத் என்று ஒரு ஷரத்தைச் சேர்க்கச் சொன்னார். காஜியார் பேனாவை நிறுத்தினார். "இன்னா காஜியாரே, சரக்கு பாஸாவாம கொடோனை விட்டு வெளிய போவுமா? எழுதுங்க" என்றார் இவர். நயீமுக்கு அப்போது வயது இருபது, படிப்பில் கெட்டிக்காரன், ஆறு மாதத்து வேலைதானே என்று அவனும் தலையாட்டினான். காஜியார் எழுதினார். அந்த ஒரு வரிக்குப் பதினேழு வருஷம் பிடித்தது.

நயீமுக்குப் பாடம் சொன்னவர் கோதண்டபாணி வாத்தியார். அவர்தான் முதலில் பேஜாராகிப் போனார். நயீம் சாயங்காலம் ஒரு பாடத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பான். மறுநாள் காலையில் கேட்டால் துடைத்த ஸ்லேட்டு மாதிரி நிற்பான். அரைகுறையாய்ப் படித்தது அவனிடம் அப்படியே தங்கியது. நன்றாகப் படித்ததுதான் போய்விட்டது. எங்கே போயிற்று என்று அவனுக்கும் தெரியாது, வாத்தியாருக்கும் தெரியாது. பதின்மூன்று தப்படி அகலமுள்ள தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு அடுப்படியில் குர்ஷித்திடம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அவன் திங்கட்கிழமை யூக்ளிட் படித்தால் செவ்வாய்க்கிழமை அவள் சப்பாத்திப் பலகையில் முக்கோணம் போட்டுப் பார்த்தாள். அவன் இலக்கணம் படித்தால் அவளுக்கு இங்கிலீஷில் கனவு வந்தது. அந்த டிசம்பரில் நயீம் காட்பாடியில் ரயில் இறங்கி, ஜட்கா பிடித்து, வேலூரில் போய்ப் பரீட்சை எழுதினான். அரைகுறையாய் ஒட்டியிருந்ததை வைத்துக்கொண்டு அரைகுறையாய் எழுதினான். கெஜட்டில் தேறியவர்கள் பெயர் மட்டும்தான் போடுவார்கள். கோதண்டபாணி ஸ்டேஷனுக்கே போய் அதை வாங்கி, பிளாட்பாரத்தில் நின்றபடி மூன்று முறை தேடிவிட்டு, நடந்தே திரும்பினார்.

எதிர்வீட்டில் இன்று என்ன படிக்கிறார்கள் என்று தெருவில் காதுபட்டதை வைத்து, தன்னிடம் வருவது நயீமின் பாடம்தான் என்று இரண்டாம் வருஷம் குர்ஷித் புரிந்துகொண்டாள். புரிந்ததும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் பாடுபட்டுச் சேர்ப்பதை உட்கார்ந்த இடத்தில் தின்றுகொண்டிருக்கிறோம், அதனால்தான் அவன் தேறவில்லை, அதனால்தான் தான் அந்த வீட்டுக்குப் போக முடியவில்லை என்று அழுதாள். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். தாயத்துக் கட்டிப் பார்த்தாள். பிறகு, தெரிந்ததையெல்லாம் தாளில் எழுதி, அம்மா கையில் ரொட்டித் துணிக்குள் வைத்து எதிர்வீட்டுக்கு அனுப்பினாள். யார் எழுதியது என்று கேட்காமல் நயீம் அதை நன்றாகப் படித்தான். மறுநாளே அது அவளிடம் திரும்பி வந்துவிட்டது. இப்போது அவளிடம் எல்லாம் இரண்டு இரண்டாக இருந்தன.

தான் பக்கத்தில் இருப்பதுதான் கோளாறு என்று நினைத்து, நாலாவது வருஷம் ஆலங்காயத்தில் இருந்த அம்மாவின் தங்கை வீட்டுக்குப் போய் மூன்று மாதம் இருந்தாள். அந்த மூன்று மாதமும் பாடங்கள் அவளைத் தேடிக்கொண்டு ரோட்டோடு வந்தன. பாதிதான் வந்து சேர்ந்தன. மீதி வழியில் யார் யார்மேலோ விழுந்தது. வாணியம்பாடியில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்த ஒருவனுக்கு ஹைட்ரஜன் தயாரிக்கும் முறை தெரிந்துபோய், அன்று பூராவும் வேலை ஓடவில்லை. காசி என்ற வண்டிக்காரன் மாட்டை ஓட்டிக்கொண்டே ஐரோப்பாவின் தலைநகரங்களைச் சொல்லிக்கொண்டு போனான். போலீஸ்காரர் நிறுத்தி விசாரித்து, தப்பு எதுவும் இல்லை என்று விட்டுவிட்டார். நயீம் அந்த வருஷமும் தேறவில்லை. எப்படியும் போகப்போகிறது, ரோட்டில் போவதற்குத் தன்னிடமே இருக்கட்டும் என்று குர்ஷித் திரும்பி வந்துவிட்டாள். வந்த அன்று தலைக்குக் குளித்துவிட்டு ஒரு பகல் முழுக்கத் தூங்கினாள்.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. டிசம்பரில் பரீட்சை, மாசி பிறப்பதற்குள் கெஜட், கெஜட் வந்த வாரம் இரு வீட்டிலும் அடுப்பு லேட்டாக எரியும், அவ்வளவுதான். இங்கிலீஷுக்கு வைக்கும் புத்தகத்தைச் சர்வகலாசாலைக்காரர்கள் அடிக்கடி மாற்றினார்கள். நயீம் ஒவ்வொன்றையும் படித்தான், ஒவ்வொன்றும் குர்ஷித்திடம் இறங்கியது. பழசு எதுவும் அவளை விட்டுப் போகவுமில்லை. தலை கனத்து, கழுத்து வலித்து, சுவரில் சாய்ந்தபடிதான் தூங்க முடிந்தது. 1903இல் வந்த பாலாற்று வெள்ளத்தில் நயீமின் புத்தகங்கள் முழுக்கப் போயின. குர்ஷித்திடம் எல்லாம் பத்திரமாக இருந்தன. மெட்ரிகுலேஷன் ஃபெயில் என்பதும் அந்தக் காலத்தில் ஒரு படிப்புதான். அதைச் சொல்லி நயீம் ஒரு தோல் மண்டியில் இங்கிலீஷ் கடிதம் எழுதும் வேலையில் சேர்ந்தான். அரைகுறை இங்கிலீஷ்தான், ஆனால் படிக்கிற சென்னைக்காரர்களுக்கும் அரைகுறைதான் என்பதால் வியாபாரம் நடந்தது. ஷரத்தைத் தளர்த்தச் சொல்லி வாஹித் பாஷாவிடம் வந்து பேசாத ஆளில்லை. "எழுதினது எழுதினதுதான்" என்பார். வயதாக ஆக அந்தக் குரலில் இருந்த முறுக்கு போய், வார்த்தை மட்டும் மிஞ்சியது. தளர்த்திவிடலாம் என்று அவருக்கே ஆசையாக இருந்தது. ஆனால் ஓட்டைத் தோல் ஒன்றைக்கூட நல்ல கட்டில் சேர்த்தறியாத கைக்கு அது எப்படி என்று தெரியவில்லை.

1911ஆம் வருஷம் பிப்ரவரியில் கெஜட் வந்தது. நயீமின் பெயர் இல்லை. அதை விடப் பெரிய செய்தி ஒன்றைக் கோதண்டபாணி கொண்டுவந்தார். மெட்ரிகுலேஷனை எடுத்துவிட்டார்கள். இனிமேல் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஸ்கூல் பைனல் என்று வேறு ஒன்று வைப்பார்கள், அதைக் கொண்டுதான் காலேஜில் சேர்ப்பார்கள். முப்பத்தெட்டு வயசுக்காரன் போய் எழுத இனி ஒன்றும் கிடையாது. இதைக் கேட்டு நயீம் மேஜைமேல் இருந்த புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கினான். அவனுக்குச் சந்தோஷமா துக்கமா என்று அவனுக்கே பிடிபடவில்லை, அவ்வளவு அலுத்துப் போயிருந்தான்.

அவனுடைய அம்மா சுகரா பேகம்தான் ஜமாத்தைக் கூட்டினார். வாஹித் பாஷா வீட்டுக் கூடத்தில் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். நடுவில் பர்தா கட்டி, அந்தப் பக்கம் பெண்கள். சுகரா பேகம் பர்தாவுக்குப் பின்னாலிருந்தே பேசினார். "பரீட்சையே இல்லேன்னு ஆயிட்டுது. இனி எப்போ பாஸாவறது, எப்போ பொண்ணு வர்றது? என் புள்ளைக்குத் தாடி நரைச்சுப்போச்சு. பெரியவங்க பாத்து முறிச்சு விட்டுடுங்க. வேற எடத்துல பாத்துக்கறோம். பாவம், அந்தப் பொண்ணுக்கும் விடுதலை." சொன்னதில் கோபம் எதுவும் இல்லை, களைப்புதான் இருந்தது. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிறைவேற்ற முடியாத ஷரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, தலாக் எழுதிவிடுவதுதான் இருவருக்கும் நல்லது என்று காஜியார் தயங்கித் தயங்கிச் சொன்னார். வாஹித் பாஷா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது குர்ஷித் பேசினாள். ஜமாத்துக்கு நடுவில் பெண் குரல் எழுவது வழக்கமில்லை என்பதால் எல்லாரும் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். "அப்பாஜான், அவர் படிச்சது வீணாப் போவல. அவ்வளவும் என்கிட்ட வந்து இருக்குது. பதினேழு வருஷமா ஒண்ணு விடாம இருக்குது. வாத்தியாரைக் கேள்வி கேக்கச் சொல்லுங்க. அஞ்சு பாடத்துல ஒண்ணுல தவறிட்டாலும் தலாக் எழுதிடுங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

முனவ்வர் பேகம் மட்டும் மகள் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்துப் பிரயோஜனமில்லை என்று தெரிந்ததும் அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். வாஹித் பாஷா தலையை நிமிர்த்தி, "கேளுங்க வாத்தியாரே. கையில தடவிப் பாக்காம நான் எதையும் கழிச்சதில்லே" என்றார். ஐந்து நாள் பரீட்சை நடந்தது. கோதண்டபாணி கடைசியாக டிசம்பரில் வந்த கேள்வித்தாள்களையே கொண்டுவந்து பர்தாவுக்கு அடியில் தள்ளினார். கடிகாரத்தை முக்காலியில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தார், அந்தப் பக்கம் அவள் எழுதினாள். மணி ஆனதும் தாளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தயவுதாட்சண்யம் காட்டினால் அவள் வாழ்க்கையே சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கையெழுத்துக்குக்கூட மார்க் குறைத்தார். கணக்கும் சயன்ஸும் தேறின. இன்னொரு பாஷையாக இருந்த பாரசீகம் தேறியது. இங்கிலீஷில் அவள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

ஐந்தாம் நாள் சரித்திரமும் பூகோளமும். ஜமாத்தார் எல்லாரும் வந்து சுற்றி உட்கார்ந்திருக்க, வாத்தியார் சிவப்பு மையில் திருத்திக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். டான்யூப் நதி காஸ்பியன் கடலில் கலக்கிறது என்று எழுதியிருந்தாள். தப்பு. அது கலப்பது கருங்கடலில். மார்க்கை அடித்தார். அடித்த கை அந்தரத்தில் நின்றது. அது அவருடைய தப்பு. நயீமுக்குப் பாடம் சொல்ல வந்த முதல் வருஷம், இளம் வாத்தியாராக இருந்தபோது, அப்படித்தான் அவர் சொல்லிக்கொடுத்தார். பிற்பாடு புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார், ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு நயீமிடம் திருத்திச் சொல்லவே இல்லை. உலகத்தில் அவரிடம் பாடம் கேட்ட ஒருவனைத் தவிர வேறு யாரும் டான்யூபைக் காஸ்பியனில் கொண்டுபோய் விட முடியாது. கோதண்டபாணி பேனாவை மூடிவைத்தார். "இது நான் சொன்ன பாடம்தான் பாய். தப்போட சேர்த்து என் பாடம். இத்தினி வருஷமா எங்க போவுதுன்னு தெரியாம இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னால் அழுதார். அழுது முடித்துவிட்டு மார்க்கைக் கூட்டினார். தேறியிருந்தது.

எல்லாரும் வாஹித் பாஷாவைப் பார்த்தார்கள். அவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, கண்ணிலும் புரை விழுந்திருந்தது. வாத்தியார் காட்டிய வரியின்மேல் உள்ளங்கையை வைத்துத் தோலைத் தடவுவது போலத் தடவினார். முத்திரையைப் பார்த்தால் சரக்கு யாருடையது என்று அவருக்குத் தெரியும். "மால் அவனுது" என்றார். "பதினேழு வருஷமா இன்னொருத்தன் மாலை என் கொடோன்ல வெச்சிக்கினு, மால் வரலே மால் வரலேன்னு அவனையே கேட்டுக்கினு இருந்துட்டேன். தப்பு என்னுது. காஜியாரே, அந்த வரியை அடிச்சுடுங்க. ஏத்தி அனுப்பறேன்." காஜியார் இரண்டாம் பேச்சுக்கு இடம் வைக்காமல் அடித்தார். சுகரா பேகம் பர்தாவுக்குப் பின்னால் குர்ஷித்தின் நெற்றியில் கைவைத்து, "காய்ச்சல் மாதிரி சுடுதும்மா" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ருக்ஸத். பதினெட்டு வயதில் தைத்த உடுப்பைப் பக்கவாட்டில் பிரித்து விட்டு, முப்பத்தாறு வயதில் உடுத்திக்கொண்டு, குர்ஷித் பதின்மூன்று தப்படி நடந்து எதிர்வீட்டுக்குப் போனாள். அவளோடு இங்கிலாந்து ராஜாக்களும் யூக்ளிடும் பதினேழு வருஷத்துப் புத்தகங்களும் போயின. வாஹித் பாஷா வாசலில் நின்று, அவள் போய்ச் சேரும்வரை பார்த்திருந்துவிட்டு உள்ளே வந்தார்.

மறுநாள் காலை குர்ஷித் டீ கொண்டுபோய் வைத்தாள். நயீம் டம்ளரைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. தெருவிலும் பெருநாளிலும் ஓரக்கண்ணால் பார்த்துப் பதினேழு வருஷம் ஓட்டியவன், இப்போது எதிரே நிற்கும்போதும் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் கிழவியாகிவிட்டோம், அதுதான், என்று நினைத்துக்கொண்டாள்.

"இன்னா, புடிக்கலியா?" என்றாள்.

"அதில்லே." அவன் டம்ளரைச் சுற்றிக்கொண்டே சொன்னான். "நல்லாத் தெரிஞ்சுக்கிட்டது எதுவும் என்கிட்ட தங்கறதில்லே. உன்னை அதனாலதான் எப்பவும் அரைகுறையாப் பாத்து வெச்சிக்கினேன். அது மட்டும்தான் போவாம இருக்குது. முழுசாப் பாத்தா போய்டும்."

குர்ஷித் அவன் முன்னால் உட்கார்ந்தாள். முக்காட்டைப் பின்னால் தள்ளினாள்.

"போனா போவட்டும்" என்றாள். "என்கிட்டதானே வரும்."

அவன் பார்த்தான். நரைத்த வகிட்டிலிருந்து மோவாய் வரை, ஒரு பாடம் போல, ஒன்று விடாமல் பார்த்தான். மறுநாள் காலையில் அவனுக்கு அந்த முகம் மறந்துபோயிருந்தது. அது குர்ஷித்திடம் வந்து சேர்ந்திருந்தது. அவள் மறுபடி வந்து உட்கார்ந்தாள், அவன் மறுபடி முதலிலிருந்து பார்த்தான். 1934இல் அவன் இறக்கும்வரை தினமும் இப்படி நடந்தது. அந்த வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது என்பதை வந்தவர்கள் கவனித்தார்கள், தேவைப்படவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.